மூன்று நாள் தேடியவள்

திங்கட்கிழமையும் சனிக்கிழமையும் மட்டும் பரிபூரணத்தின் செபமாலை நாலாவது பத்தோடு நின்றுவிடும். மற்ற நாட்களில் பத்துப் பத்து மணியாக ஐந்து பத்தும் ஓடி முடியும். அந்த இரண்டு நாள் மட்டும் ஏன் நிற்கிறது என்பது அவள் கணவர் ஐயாதுரைக்கு எவ்வளவு யோசித்தும் பிடிபடவில்லை.

பிடிபடாதது அவருக்கு அவமானமாகக்கூட இருந்தது. ஒன்று ஏன் நின்றுபோனது என்று கண்டுபிடிப்பதுதான் அவருக்கு வேலையே. ராஜபாளையத்தில் ஒரு நூல் மில்லில் அவர் ஃபிட்டர். நூல் நூற்கும் ரிங் ஃபிரேமில் வரிசையாக நூற்றுக்கணக்கான கதிர்கள் சுழலும், கதிருக்கு ஒரு இழை. இழை அறுவது சகஜம்தான். அங்கொன்றும் இங்கொன்றுமாக அறுந்தால் பஞ்சில் குறை. ஒரே கதிரில் திரும்பத் திரும்ப அறுந்தால் பஞ்சைத் திட்டிப் பிரயோசனமில்லை. அந்தக் கதிரின் வளையம் தேய்ந்திருக்கும், அல்லது வளையத்தில் ஓடுகிற சின்னக் கொக்கி சூடேறி வாய் பிளந்திருக்கும். ஓரிடத்தில் மட்டும் நடக்கிற கோளாறுக்குக் காரணமும் அந்த ஓரிடத்தில்தான் இருக்கும். முப்பது வருடமாக அவர் சோறு தின்றது இந்த ஒரு அறிவை வைத்துத்தான். ஆகவே திங்களிலும் சனியிலும் மட்டும் ஏதோ இருக்கிறது. அது என்ன?

செபம் நின்றால் நின்றுவிட்டுப் போகட்டும் என்று விடவும் முடியவில்லை. பரிபூரணம் பிறந்த வீட்டில் ஒரு வழக்கம். சாயங்காலச் செபமாலை முடியாமல் யாரும் சோற்றில் கை வைக்கக் கூடாது. காய்ச்சலில் கிடக்கிற பிள்ளைக்குக்கூட முதலில் செபம், பிறகுதான் கஞ்சி. ஸ்ரீவில்லிபுத்தூரில் படிந்த அந்தப் பழக்கத்தை அவள் ராஜபாளையத்துக்கும் கொண்டுவந்திருந்தாள். இப்போது அவளுக்குச் சர்க்கரை நோய். ராத்திரிச் சாப்பாட்டுக்கு அரைமணி முன்னால் போட வேண்டிய மாத்திரை ஒன்று உண்டு. அது இரத்தத்திலுள்ள சர்க்கரையை இறக்கும். இறக்கியதைச் சோறு வந்து ஈடுகட்ட வேண்டும். மாத்திரையைப் போட்டுவிட்டு முழந்தாளிடுவாள். மாலை முடிந்தால் சாப்பாடு. முடியாவிட்டால் சாப்பாடு கிடையாது. மாத்திரை பாட்டுக்கு உள்ளே தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருக்கும்.

அப்படித்தான் ஒரு சனிக்கிழமை அடுப்படியில் சரிந்தாள். பக்கத்து வீட்டு மாரீஸ்வரி ஓடிவந்து நாக்கடியில் சீனியை அள்ளி வைத்ததால் கண் விழித்தாள். மாத்திரையைச் செபத்துக்குப் பிறகு போட்டுக்கொள் என்று மாற்றிப் பார்த்தார்கள். அந்த இரண்டு நாளும் சோறும் இல்லாமல் மாத்திரையும் இல்லாமல் போனது, சர்க்கரை ஏறியது, மறுபடி பழையபடி செபத்துக்கு முன்னாலேயே போட வைத்தார்கள். "வாரத்துக்கு ரெண்டு நாள் இப்படிப் பட்டினி போட்டா எந்த மாத்திரை எழுதியும் பிரயோசனமில்லை. ஒருநாள் தூக்கத்துலயே போயிருவாங்க" என்று டாக்டர் ஐயாதுரையிடம் நேராகவே சொல்லிவிட்டார்.

"செபத்தை நாலு பத்தோட முடிச்சுக்கிட்டுச் சாப்பிடேன், ஏட்டி" என்று அவர் கெஞ்சிப் பார்த்தார்.

"பாதி மாலை மாலையா? பாதிச் சட்டையைப் போட்டுக்கிட்டு மில்லுக்குப் போவீகளா?" என்றாள். அவ்வளவுதான் பேச்சு. ஏன் ஐந்தாவதைச் சொல்லவில்லை என்று கேட்டால் எழுந்து போய்விடுவாள்.

அவர்களுடைய ஒரே மகன் பிரேம்குமார் காணாமல் போய் இரண்டு வருடம் முடிந்துவிட்டது. ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு பைக் கடையில் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தான். ஒரு சனிக்கிழமை காலையில் இட்லி சாப்பிட்டுவிட்டு, சட்டை காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு, "வாரேன்மா" என்று போனான். சாயங்காலம் வரவில்லை. அவன் வண்டி ரயிலடி ஸ்டாண்டில் பூட்டியபடி நின்றது. போன் அணைந்திருந்தது. கடன் இல்லை, காதல் இல்லை, சண்டை இல்லை. இருந்திருந்தாலும் யாருக்கும் தெரியவில்லை. போலீஸ், போஸ்டர், மதுரை, திருப்பூர், கோயம்புத்தூர் என்று தேடாத இடமில்லை. இருக்கிறானா என்பதே தெரியாது.

வீட்டில் செபமாலைக்குப் பதில் சொல்பவன் அவன்தான். அந்தச் செபம் இரண்டு பாதியாக அமைந்தது. ஒருவர் மரியாளை வாழ்த்தி முதல் பாதியைச் சொல்ல, கூட இருப்பவர் எங்களுக்காக வேண்டிக்கொள்ளும் என்று மறுபாதியைச் சொல்லி முடிப்பார். இப்போது இரண்டு பாதியையும் பரிபூரணம் ஒருத்தியே சொன்னாள். அவள் கத்தோலிக்கக் குடும்பம், ஐயாதுரையோ புராட்டஸ்டண்ட், சி.எஸ்.ஐ. சபைக்காரர், அந்தச் சபையில் மரியாளிடம் மன்றாடுவதில்லை. கல்யாணமான புதிதில் இதை வைத்து அவர் செய்த கேலி கொஞ்சமில்லை. "சொன்னதையே சொல்லுதியே, அவியளுக்குக் காது கேக்காதா?" என்பார். ஒருநாள், இயேசுவுக்குச் சகோதரர்கள் உண்டு என்று வேதத்திலேயே இருக்கிறதே, அப்புறம் எப்படி மரியாள் கடைசிவரை கன்னி என்று மடக்கினார். பரிபூரணம் அரிவாள்மனையைவிட்டு எழுந்திருக்கவேயில்லை. "ஒங்க சித்தப்பா மகன் சேதுபதியை நேத்து ஊர் முழுக்க எந்தம்பி எந்தம்பின்னு சொல்லிக்கிட்டுத் திரிஞ்சீகளே, அவனை ஒங்க அம்மாவா பெத்தாக?" என்றாள். அதற்கும் கேலி நிற்கவில்லை. ஒரு கட்டத்துக்குமேல் அவள் செபத்தைப் பற்றி அவரிடம் எதுவும் சொல்வதை நிறுத்திக்கொண்டாள். அவரும் அந்த நேரத்தில் டீக்கடைக்குப் போய்விடுவார். மகன் போன பிறகுதான், அவளைத் தனியே விட பயந்து, அவர் அந்த அரைமணியும் வீட்டில் இருக்க ஆரம்பித்தார். ஆகவே செபமாலை எப்படி ஓடுகிறது என்று அவருக்கு வெளிப்பக்கம்தான் தெரியும். சின்ன மணிகள் பத்துப்பத்தாக ஐந்து கட்டு, நடுநடுவே தனி மணி. கேட்டால் எல்லா நாளும் ஒரே ஓசை.

ஃபிட்டர் பழக்கப்படி வெளியிலிருந்து உள்ளே வந்தார். முதலில் மாலையைப் பார்த்தார். கண்ணி ஒன்று விரலைக் குத்துமோ என்று எல்லாவற்றையும் பிரித்துப் புதுக் கம்பியில் கோத்துக் கொடுத்தார். திங்கட்கிழமை நின்றது. அடுத்தது சத்தம். பக்கத்து வீட்டில் பேண்டேஜ் துணி நெய்கிற தறி ஓடும். மாரீஸ்வரியிடம் போய், திங்களும் சனியும் ஏழு மணிக்குச் செத்த நேரம் தறியை நிறுத்தச் சொன்னார்.

"ஏண்ணே, ஒங்க மாதாவுக்கு என் தறிச் சத்தம் புதுசா? இம்புட்டு வருசமா தாலாட்டு மாதிரிக் கேட்டுக்கிட்டுத்தான இருக்கா" என்றவள், அக்காவுக்காக நிறுத்தவும் செய்தாள். அந்த அமைதியில் நாலாவது பத்து இன்னும் தெளிவாக நின்றது.

அப்புறம்தான் கிழமைகளையே யோசித்தார். யோசித்ததும் எல்லாம் பொருந்தியது. பொருந்தியதுதான் வினையாகிவிட்டது. சனிக்கிழமை, மகன் போன நாள். திங்கட்கிழமை, விருதுநகர் கலெக்டர் ஆபீஸில் மனு வாங்குகிற நாள். ஷிஃப்ட் மாற்றிக்கொண்டு போக முடிந்த திங்கள் எல்லாம் அவர் பையன் போட்டோவோடு போய் வரிசையில் நின்று வெறுங்கையோடு திரும்புவார். சாயங்காலம் அவர் முகத்தைப் பார்த்து இவளுக்குத் தொண்டை அடைக்கிறது, வேறென்ன? சனிக்கிழமையை ஒன்றும் செய்ய முடியாது. திங்கட்கிழமையை மாற்றலாம். விருதுநகர் போவதை நிறுத்திப் பார்ப்போம். திங்கள் சரியானால் காரணம் உறுதி. மில்லில் ஆள் இல்லை என்று பொய் சொல்லிவிட்டு அடுத்தடுத்த திங்கட்கிழமைகளில் போகாமல் இருந்தார்.

திங்கள் சரியாகவில்லை. ஒரு திங்கள் சாயங்காலம் அவள் வழக்கம்போல நாலாவது பத்தில் மாலையைச் சுருட்டிக் கையில் பொத்திக்கொண்டதும் அவருக்குப் பொறுக்கவில்லை.

"இன்னைக்குத்தான் விருதுநகருக்கே போகலையே, ஏட்டி! இன்னும் என்ன?"

பரிபூரணம் திரும்பிப் பார்த்தாள். "அது தெரியுதே. மில்லுல ஆளில்லைன்னு சொன்னதும் பொய்தான?"

"பொய்னா..."

"நிறுத்திட்டீக."

"எதை நிறுத்திட்டேன்?"

"தேடுறதை."

அவர் உட்கார்ந்துவிட்டார். இல்லை, உனக்காகத்தான், நின்றுபோவது அதனால்தானா என்று சோதித்துப் பார்க்கத்தான் என்று தட்டுத்தடுமாறிச் சொன்னார். சொல்லச் சொல்ல அவருக்கே அது எப்படிக் கேட்கிறது என்று புரிந்தது.

"எம்புள்ள என்ன ஒங்க மில்லு மிசினா?" என்றாள் பரிபூரணம். சத்தம் போடவில்லை. "ஒரு ஆள் தேடிக்கிட்டு இருக்காருன்னு நினைச்சுத்தான் நான் அடுப்புப் பக்கம் போய்க்கிட்டு இருந்தேன். இனிமே அதுவும் என்னத்துக்கு?"

அந்த வாரம் அவள் அவரிடம் பேசவில்லை. சமைத்து வைத்தாள், அவ்வளவுதான். மாலை முடிகிற நாட்களிலும் இரண்டு வாய்க்குமேல் சாப்பிடவில்லை. புடவை இடுப்பில் நிற்காமல் வழிவதைப் பார்த்துக்கொண்டே ஐயாதுரை மில்லுக்குப் போய் வந்தார்.

ஞாயிற்றுக்கிழமை ஸ்ரீவில்லிபுத்தூருக்கு பஸ் ஏறினார். பரிபூரணத்தின் தங்கை அமலோற்பவம் அங்கே இருந்தாள். வாரநாளில் ஜாக்கெட் தைப்பாள். ஞாயிற்றுக்கிழமை பங்குக் கோவிலில் பிள்ளைகளுக்கு மறைக்கல்வி எடுப்பாள். பஸ்ஸில் முன்சீட்டில் இருந்த பையன்களின் பிடரியையெல்லாம் ஐயாதுரை பார்த்துக்கொண்டே போனார். இரண்டு வருடமாக இது பழக்கமாகிவிட்டது. மகனுக்குப் பிடரியில் ஒரு சுழி உண்டு. அன்றும் எந்தப் பிடரியிலும் அது இல்லை. ஆண்டாள் கோவில் கோபுரம் தெரிந்ததும் இறங்கி நடந்தார்.

"வாங்கத்தான். வேதக்கோயில்காரருக்கு ஞாயித்துக்கிழமை ஆராதனை இல்லையா?" என்று அமலோற்பவம் தையல் மிஷின்மேல் கிடந்த துணிகளை ஒதுக்கி இடம் போட்டாள். முகத்தைப் பார்த்ததும் கேலியை நிறுத்திக்கொண்டாள். அவர் எல்லாவற்றையும் சொன்னார். கம்பி மாற்றியது, தறியை நிறுத்தியது, விருதுநகர் போகாமல் இருந்தது.

"ஒண்ணு கேக்கேன், சிரிக்காத. திங்கக்கிழமை செபமாலையும் செவ்வாக்கிழமை செபமாலையும் ஒண்ணுதான?"

அவள் சிரித்துவிட்டாள். "முப்பது வருசம் ஒரே வீட்டுல குடியிருந்து கேக்குற கேள்வியா இது! வாய் சொல்றது ஒண்ணுதான், அத்தான். மனசு பாக்குறது வேற." மடியில் கிடந்த நாடாவை எடுத்து ஐந்து முடிச்சுப் போட்டாள். பிள்ளைகளுக்கு அப்படித்தான் காட்டுவாள்போல. "ஒவ்வொரு பத்துக்கும் முன்னால ஒரு சம்பவத்தைச் சொல்லி, தனியா இருந்தா மனசுக்குள்ளயே சொல்லி, அதை மனசுல நிறுத்திக்கிட்டுத்தான் பத்து மணியையும் உருட்டணும். ஆண்டவரும் அவியளைப் பெத்தவளும் பட்டது அம்புட்டும் அதுல வந்துரும். செவ்வாய், வெள்ளி துக்கம். புதனும் ஞாயிறும் மகிமை. வியாழக்கிழமை ஒளி. திங்களும் சனியும் சந்தோசம்."

"சந்தோசமா?"

"சந்தோச தேவ ரகசியம். மொதப் பத்து, தூதர் வந்து கன்னிக்கு மங்களம் சொன்னது. ரெண்டாவது, அவ எலிசபெத்தைப் பாக்கப் போனது. மூணாவது, பிள்ளை பெறந்தது. நாலாவது, கோவில்ல கொண்டுபோய்க் காணிக்கை குடுத்தது." நாலு முடிச்சையும் விரலால் தள்ளி ஐந்தாவதைப் பிடித்தாள். "அஞ்சாவது, காணாமப்போன பிள்ளையைக் கோவில்ல கண்டெடுத்து..."

விரல் முடிச்சிலேயே நின்றது.

தெருவில் யாரோ பால் வண்டியில் மணியடித்துக்கொண்டு போனார்கள். அமலோற்பவம் நாடாவைக் கீழே வைத்தாள். "வாரந்தவறாம பிள்ளைகளுக்குச் சொல்லிக் குடுக்கேனே. எனக்கே தோணலையே, அத்தான்."

அந்தப் பகுதி ஐயாதுரைக்கு மனப்பாடம். லூக்கா இரண்டாம் அதிகாரம். பஸ்கா பண்டிகைக்கு எருசலேமுக்குப் போய்த் திரும்புகிறார்கள். பிள்ளை கூட்டத்தோடு வருகிறான் என்று நினைத்து ஒருநாள் வழி நடந்துவிடுகிறார்கள். சொந்தக்காரர்களிடையே தேடிக் காணாமல் திரும்ப எருசலேமுக்குப் போகிறார்கள். மூன்று நாளைக்குப் பிறகு தேவாலயத்தில் போதகர்கள் நடுவே பார்க்கிறார்கள். அவர் சபையில் அதைப் பிள்ளையின் ஞானத்தைப் பற்றிய கதையாகத்தான் சொல்வார்கள். தாய் ஓரமாக வந்து ஒரு கேள்வி கேட்டுவிட்டுப் போவாள். அந்த மூன்று நாளும் அவள் எங்கே படுத்தாள், என்ன தின்றாள் என்று அவர் யோசித்ததே இல்லை.

"அந்த ஒண்ணை மட்டும் விட்டுட்டுச் சொல்லக் கூடாதா?"

"அக்கா விடமாட்டா. விட்டா பாதி மாலைன்னு சொல்லுவா. அவ சொல்றதும் சரிதான். அஞ்சும் சேந்துதான் ஒண்ணு." அவள் எழுந்து சுவரிலிருந்த படத்தைக் காட்டினாள். நெஞ்சில் ஏழு வாள் பாய்ந்த மாதா. "வேணும்னா இது இருக்கு. வியாகுல மாதா செபமாலை."

வாள் என்றதும் ஐயாதுரைக்குத் தெரிந்துவிட்டது. கோவிலில் பிள்ளையைக் கையில் வாங்கிய கிழவர் சிமியோன், உன் ஆத்துமாவையும் ஒரு பட்டயம் உருவிப்போகும் என்று தாயிடம் சொன்னது. "வேதத்துல ஒரு வாள்தான இருக்கு? இங்க ஏழு எப்படி?"

"ஒண்ணுதான் சொன்னாரு. அது எங்கெங்க பாஞ்சுதுன்னு பொறவு வந்தவுக எண்ணுனாக." சிமியோன் சொன்ன சொல்லே முதல் வாள் என்றாள். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு எகிப்துக்கு ஓடியது அடுத்தது. மூன்றாவதை மனதுக்குள் வைத்துக்கொண்டு தாண்டினாள். சிலுவை சுமந்து போகிறவனைத் தெருவில் எதிரே பார்த்தது, சிலுவையடியில் நின்றது, இறக்கிய உடலை மடியில் வாங்கியது, அடக்கம் செய்தது.

"தெருவுல பாத்தது வேதத்துல இல்லையே" என்றார் ஐயாதுரை.

"இல்லை. ஆனா ஒரு தாய் அந்தத் தெருவுக்குப் போகாம வீட்டுல இருந்திருப்பாளா?"

அவர் வாதம் பண்ணவில்லை. "மூணாவதை விட்டுட்டியே."

"மூணாவது, பிள்ளை காணாமப் போய் மூணு நாள் தேடுனது."

"அதே அதிகாரமா?"

"அதே அதிகாரம், அதே வசனந்தான்."

"அங்க சந்தோசம், இங்க துக்கமா?"

"கண்டெடுத்ததை எண்ணுனா சந்தோசம். தேடுனதை எண்ணுனா துக்கம். ரெண்டும் நடந்துதான இருக்கு?"

ஐயாதுரை அந்தப் படத்தைக் கிட்டப்போய்ப் பார்த்தார். ஒரே சம்பவத்தை எடுத்து, அதன் முடிவை ஒரு மாலையிலும் அதன் நடுவை இன்னொரு மாலையிலும் கோத்திருக்கிறார்கள். யார் செய்தார்களோ, யோசித்துத்தான் செய்திருக்கிறார்கள் என்று அவருக்குத் தோன்றியது. நடு மட்டுமே வாய்த்தவர்களும் செபம் சொல்ல வேண்டுமே.

அந்த மாலை பரிபூரணத்துக்குத் தெரியாதது அல்ல. ஆனால் அவர்கள் வீட்டில் அதை ஈஸ்டருக்கு முந்தின தபசுகால வெள்ளிக்கிழமைகளில் மட்டும்தான் சொல்வார்கள். மற்ற நாளில் சொல்லலாம் என்றே அவளுக்குத் தோன்றியிருக்காது. "எந்த நாளும் சொல்லலாம். கிழமையெல்லாம் நாம வச்சுக்கிட்ட ஒழுங்குதான். நானே நாளைக்கு வாரேன்" என்றாள் அமலோற்பவம்.

மறுநாள் விடியுமுன் ஐயாதுரை மகன் போட்டோவை எடுத்துக்கொண்டு விருதுநகருக்குப் போனார். சாயங்காலம் திரும்பியபோது கொழுந்தியாள் வந்திருந்தாள். பரிபூரணம் அவர் கையிலிருந்த போட்டோவைப் பார்த்துவிட்டு, தங்கை நீட்டிய மாலையை வாங்கிக்கொண்டாள்.

வியாகுல மாலையில் ஏழு துயரம், துயரத்துக்கு ஏழு மணி. அமலோற்பவம் அறிவிக்க, இருவரும் மாறிமாறிச் சொன்னார்கள். மூன்றாவது வந்தபோது ஐயாதுரை கதவருகில் வந்து நின்றார். பரிபூரணத்தின் குரல் நிற்கவில்லை. கொஞ்சம் உயரக்கூடச் செய்தது. நாலு, ஐந்து, ஆறு. அவர் சோற்றுப்பானைத் தட்டைத் திறந்து பார்த்துவிட்டு வந்தார்.

"ஏழாவது துயரம். திருமகனைக் கல்லறையில் அடக்கம் செய்து தாய் வீடு திரும்பியது."

பரிபூரணம் மாலையைச் சுருட்டிக் கையில் பொத்தியிருந்தாள்.

"அக்கா..."

"நான் சொல்லமாட்டேன்."

"ஏசுவைத்தான அக்கா சொல்றோம். வெள்ளிக்கிழமை தோறும் சிலுவையில சாகுறதைச் சொல்லத்தான செய்யுத?"

"சாகுறது வேற, ஏட்டி. குழியில வச்சு மூடிட்டு வீட்டுக்குத் திரும்புறது வேற. திரும்பிட்டாப் பொறவு தேட முடியாது." அவளுக்கு மூச்சு வாங்கியது. இரண்டு வருடமாகச் சொல்லாததெல்லாம் அதன் பின்னாலேயே வந்தது. "அவளுக்கென்ன! மூணு நாள்! மூணே மூணு நாள் தேடுனா, கெடைச்சுட்டான். சந்தோசம்னு எண்ணிக்கிட்டா. பொறவு செத்தான், அப்பவும் மடியில போட ஒடம்பு இருந்துச்சு, மூட ஒரு கல்லு இருந்துச்சு. என்னைப் போல ஒருத்தி ஒங்க மாலையில எங்கட்டி இருக்கா? நான் எந்த மணியைப் பிடிக்க?"

அமலோற்பவம் அவளைக் கட்டிப்பிடித்தாள். பரிபூரணம் அழவில்லை. எழுந்துபோய்ச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். சோறு அப்படியே ஆறியது. ஐயாதுரை சீனி டப்பாவைக் கைக்கெட்டும் இடத்தில் வைத்துவிட்டு அவள் மூச்சைக் கவனித்தபடி உட்கார்ந்திருந்தார்.

மறுநாள் மில்லில் அவருக்கு வேலை ஓடவில்லை. அவள் கேட்ட கேள்விக்கு யாரிடமும் பதில் இருக்காது என்றுதான் தோன்றியது. ஆனால் மனம் பழக்க தோஷத்தில் எங்கே அறுந்தது என்று பார்த்துக்கொண்டே இருந்தது. சந்தோச மாலையில் நாலு பத்து ஓடுகிறது, ஐந்தாவதில் அறுகிறது. துயர மாலையில் ஆறு ஓடுகிறது, ஏழாவதில் அறுகிறது. அறுந்த இரண்டு இடமும் ஒரே மாதிரியானவை. ஒன்றில் தாய் பிள்ளையோடு வீடு திரும்புகிறாள், மற்றதில் பிள்ளையைப் புதைத்துவிட்டுத் திரும்புகிறாள். பரிபூரணத்தால் திரும்ப முடியாது. அவள் இன்னும் வழியில் நிற்கிறாள். வழியில் நிற்கிற இடம் ஒன்று அந்த மாலையில் இருந்தது, அதை அவள் குரல் உயர்த்திச் சொன்னாள்.

சாப்பாட்டு நேரத்தில் கேட்டுக்கு வெளியே வந்து அமலோற்பவத்துக்கு போன் போட்டார்.

"அந்த மூணாவதை எடுத்து, சந்தோச மாலையில அஞ்சாவது எடத்துல போட்டா என்ன?"

"என்னத்தான் சொல்றீக?"

"ரெண்டும் ஒரே வசனம்னுதான நீ சொன்ன? அந்த எடத்துல அதே சம்பவம்தான் இருக்கும். தேடிப் போனதோட நிறுத்திக்கிடணும். கண்டெடுத்தது வேண்டாம். அஞ்சு பத்தும் இருக்கும். அவளுக்குப் பாதி மாலை ஆகாது."

"அப்படி யாரும் சொல்றதில்லையே."

"தப்பா?"

"பங்குச் சாமியார்ட்டக் கேட்டுட்டுச் சொல்லுதேன்" என்றாள்.

வியாழக்கிழமை போன் வந்தது. "சாமிட்டக் கேட்டேன், அத்தான். அக்கா எப்படி இருக்கான்னு கேட்டாக. பொறவு, வேதத்துல இருக்கதைத்தான தியானிக்கப் போறா, தாராளமாச் சொல்லட்டும்னாக. யாராவது பக்கத்துல இருந்து அறிவிச்சா நல்லதுன்னாக. சனிக்கிழமை எனக்குக் கல்யாண ஜாக்கெட் நாலு கெடக்கு. நீங்கதான் அறிவிக்கணும்."

"நானா? நான் மாதாட்ட வேண்ட மாட்டேனே, ஏட்டி."

"ஒங்களை யாரு வேண்டச் சொன்னா? ஒங்க பைபிள்ல இருக்கதைத்தான சொல்லப் போறீக? சொல்லிட்டு வாயை மூடிக்கிட்டு நில்லுங்க. மிச்சத்தை அக்கா பாத்துக்கிடுவா."

சனிக்கிழமை பரிபூரணம் மாத்திரையைப் போட்டுக்கொண்டு முழந்தாளிட்டாள். பக்கத்து வீட்டுத் தறி ஓடிக்கொண்டிருந்தது. ஒன்று, இரண்டு, மூன்று, நாலு. மணிகளைச் சுருட்டிப் பொத்தப் போகிற கையைப் பார்த்ததும் ஐயாதுரை அடுப்படி வாசலிலிருந்து இரண்டடி வந்தார். தொண்டையைச் செருமினார். சபையில் வேதம் வாசிப்பவர் குரல்தான் அவருக்கு வந்தது.

"ஐந்தாவது. பிள்ளையாகிய இயேசு எருசலேமிலே காணாமற்போனார். தாயும் தகப்பனும் அவரைத் தேடிக்கொண்டு வந்த வழியே திரும்பிப் போகிறார்கள்."

பரிபூரணத்தின் கை அப்படியே நின்றது. திரும்பி அவரைப் பார்க்கவில்லை.

"அம்புட்டுதானா?"

"அம்புட்டுதான்."

"கோவில்ல பாத்தது?"

"அது இல்லை. தேடுதாக. அதோட சரி."

"தகப்பனுமா?"

"வேதத்துல அப்படித்தான் இருக்கு. உன் தகப்பனும் நானும்னு அவளே சொல்லுதா."

பரிபூரணம் சுருட்டப்போன மாலையை விரித்து, தனி மணியைத் தேடிப் பிடித்தாள். முதல் வாழ்த்தைச் சொன்னாள். பதில் பாதிக்கு இடைவெளி விட்டாள். பழைய பழக்கம். அந்த இடைவெளியில் யாரும் பதில் சொல்லவில்லை. ஐயாதுரைக்கு வாய் வரவில்லை. அவளே சொன்னாள். இரண்டாவது மணிக்கும் இடைவெளி விட்டு, அவளே சொன்னாள். அப்படியே பத்தும் நகர்ந்தது. நடுவில் அவள் குரல் உடைந்தது, கண்ணீர் மூக்கில் இறங்கிப் பேச்சு குழறியது, ஆனால் மணி நிற்கவில்லை.

முடிந்ததும் எழுந்து தட்டை எடுத்துவைத்தாள். சோற்றைப் பிசைந்தபடி அழுதாள், அழுதபடி தின்றாள். அவர் எதிரே உட்கார்ந்து மோர் ஊற்றினார். மகனைப் பற்றி அன்றும் எந்தத் தகவலும் இல்லை. அதற்கப்புறமும் இல்லை. ஐயாதுரை திங்கள்தோறும் விருதுநகர் போகிறார், வெறுங்கையோடு வருகிறார்.

திங்களும் சனியும் ஐந்தாவது பத்துக்கு, கண்டெடுத்ததை விட்டுவிட்டு, தாயும் தகப்பனும் தேடிப்போனதை மட்டும் அவர் அறிவிக்கிறார். பரிபூரணம் அந்தப் பத்தைச் சொல்லி முடிக்கிறாள், முடித்ததும் சாப்பிடுகிறாள்.